தூக்கமில்லாத கட்சிக்காரர்

தென்காசி நீதிமன்றத்தில் என்னோடு முப்பத்தோரு வருடம் வக்கீல் தொழில் பார்த்த நண்பர், அந்தச் சாரல் காலத்தில் தொடர்ந்து ஒன்பது வழக்குகளில் வாய்தா வாங்கினார். ஒன்பதையும் எண்ணிய நான், ஏனென்று கேட்கவில்லை. பிறகு ஒருநாள் நீதிமன்றப் படியில் அவரே, "இனி இருந்து என்ன செய்ய, அண்ணாச்சி?" என்றார்.

மறுநாளே குற்றாலத்தில் இருந்த மனநல மருத்துவரிடம் அவரை அழைத்துப் போனேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று இருவரும் தோளில் துண்டு போட்டுக்கொண்டோம். பஸ்ஸில் ஒரு குமாஸ்தா பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, கோர்ட்டுக்கு வாய்தா குடுத்துட்டு அருவிக்குக் கெளம்பிட்டியளா?" என்று சிரித்தார்.

மருத்துவர் முன் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்ட கேஸ் குடுத்த கட்சிக்காரர் ஒருத்தரு, டாக்டர். மூணு மாசமாத் தூக்கமில்ல. சாப்பாடு எறங்கல. செத்துரலாம்னு சொல்லுதாரு."

வழக்கை எடுத்துச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை.

"அவரை ஒருதடவை கூட்டிட்டு வாங்க," என்றார் மருத்துவர்.

"சொல்லுதேன்," என்று நண்பர் எழுந்தார். நான் எழவில்லை.

"அவரு வந்திருக்காரு, டாக்டர். இவருதான்."

அவர் வாதாடும்போது நான் குறுக்கிட்டது அதுவே முதல் தடவை. என்னைக் கோபமாகப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். நாற்பது நிமிடம் கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் பயந்தேன். கதவு திறந்தபோது, அடுத்து வரவேண்டிய நாளை நண்பரே தன் டைரியில் எழுதிக்கொண்டிருந்தார்.