அம்மா மிக்சர்ல கீறாங்க

என் மகளின் பேண்டு வாசிக்கிற இடத்தில் யாராவது என்னைத் தேடி வந்தால், பிள்ளைகள் சொல்லிவந்த பதில் இது: "அம்மா மிக்சர்ல கீறாங்க." வெட்டியாக உட்கார்ந்திருப்பவனை மிக்சர் தின்கிறான் என்று கிண்டல் செய்கிற ஊர் இது. வந்தவர்கள் நான் ஓரமாக உட்கார்ந்து ஓமப்பொடியும் கடலையும் கொறித்துக்கொண்டிருப்பதாக நினைத்துச் சிரிப்பார்கள். நான் உட்கார்ந்திருந்தது பதினாறு மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கலந்து வெளியே அனுப்புகிற மிக்சர் பெட்டியின் முன்னால். மேடையில் ஐந்து பிள்ளைகள் என்ன செய்தாலும் என் விரல் வழியாகத்தான் ஜனங்களிடம் போக வேண்டும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. மறைப்பானேன்?

பிழைப்புக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப். தகட்டை அச்சில் வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மேலிருந்து இரும்பு இறங்கி அடிக்கும். ஷிப்ட் முழுக்க அதுதான். என் வரிசையில் மட்டும் பன்னிரண்டு மெஷின். காதில் வைக்க ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுக்கட்டை கொடுப்பார்கள். வைத்துக்கொண்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, கேட்கவில்லை என்றால் அவர் வாயில் விழ வேண்டும். அதனால் பாதி பேர் அதைப் பாக்கெட்டில்தான் வைத்திருந்தோம்.

எங்கள் சர்ச்சில் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போனபோது அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு ஞாயிறு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கம்பெனியில் சத்தம் என்னை மேய்க்கும். இங்கே நான் குமிழைத் திருப்பினால் சத்தம் சொன்ன பேச்சைக் கேட்டது. அதில் விழுந்துவிட்டேன். பிறகு சர்ச்சுப் பிள்ளைகள் பேண்டு ஆரம்பித்தார்கள். கல்யாண ரிசெப்ஷன், கம்பெனிகளின் ஆயுத பூஜை, ஃபேமிலி டே என்று கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். "வூட்ல மிக்சி ரிப்பேராகி ஒரு மாசமாச்சு, இவ ஊருக்கெல்லாம் மிக்சர் ஓட்டிகினு கீறா" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பாடுவது என் மகள். செல்போன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக அவள் குரல் மங்கிக்கொண்டே வருவதாக எனக்குப் பட்டது. சுருதி சரியாக இருக்கும், வார்த்தை மட்டும் தேய்ந்துபோய் வரும். ச, த எல்லாம் எங்கே போயின என்றே தெரியாது. பாட்டு முடிந்து கீழே வந்ததும் பிடித்துக்கொள்வேன். "வாயத் தொறந்து பாடேன்டி. வார்த்தைய ஏன் முழுங்கற? பாக்கு போட்டுகினு பாடறா மாதிரி கீது." அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் நூறு நியாயம் பேசுகிறவள், இதற்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். தப்பு அவள் மேல் என்பதால்தான் பேசவில்லை என்று நினைத்தேன். அடுத்த நிகழ்ச்சியில் அவள் மைக்குக்கு ட்ரெபிளை, அதாவது சத்தத்துக்குக் கூர்மை கொடுக்கிற குமிழை, இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன்.

போன வருடம் வாலாஜாபாத் ரோட்டில் ஒரு கம்பெனியின் ஃபேமிலி டே. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஷாமியானாவுக்கு அடியில் ஆயிரம் பேர். இரண்டு பாட்டு முடிந்ததும் கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஏதோ படபடவென்று வெடித்தது. மேடைக்குப் பின்னால் கீபோர்டு வாசிக்கிற பையன் பதறி ஓடினான். ஸ்பீக்கர் வாடகைக்குக் கொண்டு வந்திருந்தவர் எதையோ கழற்றிவிட்டு ஒயரை நேராகச் சொருகினார். நான் என் இடத்தை விட்டு அசையவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், மகள் பாட ஆரம்பித்தாள்.

அன்றைக்குத்தான் அவள் குரல் எனக்குப் பளிச்சென்று வந்தது. எத்தனை நாள் கழித்து! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. திட்டியது வீண்போகவில்லை என்று எனக்குள் அவ்வளவு பெருமை, அவ்வளவு சந்தோஷம். கண்ணே கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். எல்லோரும் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டுகிறார்கள் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் பாதிப் பாட்டில் மைக்கைக் கீழே வைத்தாள். மேடையிலிருந்து இறங்கி, அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ட்ரெபிள் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டு மேலே போய் விட்ட இடத்திலிருந்து பாடினாள். ஜனங்கள் காதிலிருந்து கையை எடுத்தார்கள். எனக்கு அவள் குரல் மறுபடி மங்கிப் போனது.

நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுற்றும்போது அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஆயிரம் பேருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டியே. இன்னாடி நெனச்சிகினு கீற?"

"ஸ்பீக்கர் விசில் அடிச்சிதும்மா. காது கிழியறா மாதிரி. உனக்குக் கேக்கலயா?"

"ஒரு விசிலும் இல்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். ஒரு வருடமாக மேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்களாம். என் மிக்சரிலிருந்து போகிற சத்தம் அதன் வழியாகப் போய்த்தான் ஸ்பீக்கருக்கு வருமாம். "நீ ஏத்தறத அது எறக்கிடும். இன்னிக்கு அது புட்டுகிச்சு." அதாவது, ஒரு வருடமாக நான் திருப்பியதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் இல்லை.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ இங்க வந்தாதாம்மா சிரிச்ச மூஞ்சா கீற. அத எப்டி புடுங்கறது?"

நான் சொல்லச் சொல்ல அவள் தலைகுனிந்து போனதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஹெட்போனை மாட்டிவிட்டு, கூ என்று சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றாள் அங்கிருந்த பெண். இந்தப் பரீட்சை எனக்குப் புதிதல்ல. கம்பெனிக்கு வருடம் ஒருமுறை மெடிக்கல் வேன் வரும். காது போனவர்களை பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள், காண்டிராக்ட் ஆள் என்றால் வேலையே போய்விடும் என்று எங்களுக்குள் பயம். அதனால் பழைய ஆட்கள் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றுதான்: காதை நம்பாதே, சத்தம் அனுப்பப் பட்டன் அழுத்துகிறவரின் தோளைப் பார். தோள் அசைந்தால் கையைத் தூக்கு. ஒன்பது வருடம் நான் அப்படித்தான் பாஸானேன். அன்றைக்கு வேண்டுமென்று செய்தேனா, பழக்கத்தில் வந்துவிட்டதா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு வழியாக, வெளியே பட்டன் அழுத்திக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் தோள் தெரிந்தது. அது அசைந்தபோதெல்லாம் என் கை தானாக மேலே போனது.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, வயதுக்குத் தக்க காதுதான், குறையொன்றும் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் மகள் நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டாள். "சாரிம்மா. ஸ்பீக்கர்லதான் இன்னாவோ கோளாறு. நாங்க உம்மேல பழி போட்டுட்டோம். இனிமே அந்தப் பொட்டியே வோணாம்." அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். நாற்காலி என்னுடையதாகவே இருந்திருக்கும். ஒரகடம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்காரும்வரை அப்படித்தான் இருந்தேன். ஆனால் பெட்டி இல்லாத மேடையில் அவள் நின்று பாடுவதும், எதிரில் ஆயிரம் பேர் காதைப் பொத்திக்கொள்வதும், நான் பெருமையில் கண் கலங்குவதும் மனதில் வந்துகொண்டே இருந்தது.

"காதுல கேக்கலடி. அந்தப் பொண்ணு தோளப் பாத்துதான் கையத் தூக்கினேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டாள். பஸ் இரைச்சலில் ஒரு எழுத்தும் எனக்கு எட்டவில்லை. இன்னொரு முறை கேட்கவைக்க மனம் வரவில்லை. "சரிம்மா" என்றேன்.

அடுத்த நிகழ்ச்சியில் மிக்சருக்கு வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் அவள் என்னிடம் கேட்டது அதைத்தான் போலிருக்கிறது.