சுயம்பு அமுக்கின பேஸ்

போன மாதம் நாகர்கோவிலில் என் தங்கை மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மேடையின் ஓரத்தைப் பார்த்தேன். எந்தப் பாட்டுக் கச்சேரிக்குப் போனாலும் பேஸ் கிட்டார் வாசிப்பவர் எங்கே நிற்கிறார், முதுகுக்குப் பின்னால் என்ன ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு மற்ற மனிதர்கள் கண்ணில் படுவார்கள். அன்றைக்கு வாசித்தது ஒரு பெண். இன்ஜினியரிங் படிக்கிற வயது. அவள் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ரோஜாக்கள்தான் இருந்தன. காலடியில் சோப்பு டப்பா அளவில் ஏதோ ஒன்று, காதில் பொட்டு மாதிரி ஓர் இயர்போன். அவ்வளவுதான் சாமான். ஆனால் ஒலி என்னவோ நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டியது.

எங்கிருந்து வருகிறது என்று திரும்பினேன். மண்டபத்தின் பின்கோடியில், சிலேட்டு மாதிரி ஒரு டேப்லட்டைக் கையில் ஏந்தி, நரைத்த மீசையோடு சுயம்பு நின்றுகொண்டிருந்தான்.

இருபத்தைந்து வருஷமாக நான் பழிவாங்கிக்கொண்டிருக்கிற ஆள். மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கேட்காமல் மைக் செட் பேசிவிட்டார்கள். கேட்டிருந்தால் மண்டபத்தையே மாற்றியிருப்பேன்.

நீங்கள் பேஸ் வாசித்தவர் இல்லை என்றால் இந்தப் பகையின் ஆழம் பிடிபடாது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் எனக்குக் குரல் உடைந்த வருஷம் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே அடிக்குரல் பாடுகிற பெரியப்பாக்கள் நிற்பார்கள். மெட்டெல்லாம் முன்வரிசைப் பெண்களுக்கு. எங்களுக்கு முக்கால் பாட்டும் ஒரே சுரம்தான். பாட்டு நடுவில் ஒரு பெரியப்பா தும்மினால் பெண்கள் சுதி தவறுவார்கள். ஏன் தவறினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த ரகசிய அதிகாரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்து பேஸ் கிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா கம்பிகளை எண்ணிவிட்டு, "நாலுதான் உண்டு. மிச்சம் ரெண்டையும் கடைக்காரன் எடுத்துக்கிட்டானா?" என்று கேட்டார்.

கிட்டார் இருந்தால் போதாது, அதைப் பேச வைக்க ஒரு ஆம்ப் வேண்டும். குழித்துறையில் ஒரு ரேடியோ மெக்கானிக் எனக்கு ஆம்பின் உள்பாகத்தைக் கட்டித் தந்தார். அதிலிருந்த டிரான்ஸ்பார்மர் ஒரு தேங்காய் கனம் இருக்கும். அரை மணி நேரம் வாசித்தால் சூடேறி, வார்னிஷ் உருகுகிற ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது மோட்டார் கருகினால் மற்றவர்கள் மெயின் சுவிட்சைத் தேடி ஓடுவார்கள். எனக்கு விரல் அரிக்கும்.

பதினைந்து இஞ்சு ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்ய மார்த்தாண்டத்தில் ஒரு ஆசாரியைப் பிடித்தேன். அயனிப் பலகையில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் அவருடைய முக்கியத் தொழில் சவப்பெட்டி. நான் பெட்டி என்றதும் முகத்தை இறக்கிக்கொண்டு, "ஆளு எத்தர பொக்கம்?" என்று உயரத்தைக் கேட்டார். ஆளில்லை ஆசாரி, ஸ்பீக்கர் என்றேன். அவர் புத்திக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, விளிம்பில் வெள்ளி நாடா ஓட்டி, இரண்டு பக்கமும் தூக்குவதற்குக் கைப்பிடி வைத்துத் தந்தார். திருவட்டாற்றில் ஒரு கல்யாண வீட்டுக்குள் நாங்கள் அதைத் தோளில் ஏற்றி நுழைந்தபோது, பெண்ணின் அத்தை ஒருத்தி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் சன்னமாக, "உள்ள ஆரு?" என்று கேட்பார். அந்தப் பெட்டி இறக்கிய இடத்தில் எல்லாம் தரை அதிர்ந்தது. எனக்கு அது போதும்.

அப்போதுதான் மஸ்கட் வந்தது. அங்கே ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போகும் குழுவுக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். பேஸுக்கு ஓர் இடம் காலி. என்னைப் பற்றி யாரோ சொல்லி, கடற்கரை ஊர் ஒன்றில் மாதா கோயில் திருநாளுக்கு எங்கள் குழு வாசிப்பதைக் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். என் கூட்டாளி டென்னிசன் கீபோர்டு. வாசிப்பது சர்க்கஸ் பாட்டாக இருந்தாலும் பிரசங்கம் கேட்கிற முகத்தோடு வாசிக்கிற உத்தமன். நான் மஸ்கட்டுக்குப் போய்விட்டதாகவே நினைத்து மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அன்று மைக் செட் சுயம்பு. வள்ளியூர்ப் பக்கம். ஆரல்வாய்மொழி தாண்டி எங்கள் ஜில்லாவுக்குள் தொழில் பிடிக்க வந்த புதிது. மேடைக்குக் கீழே நின்று என் பெட்டியை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணாச்சி, இது மேடைக்கு வேண்டாம். நீங்க லைன் மட்டும் குடுங்க. எல்லாத்தையும் நான் மிக்ஸர்ல கூட்டித் தாரேன்" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனிடம் இருந்த விளக்குகள் அப்படி மின்னின. என் பெட்டியை மேடைக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு, கிட்டாரிலிருந்து ஒரு வயரை மட்டும் அவன் கையில் கொடுத்தேன். கைப்பிள்ளையைப் பக்கத்துவீட்டுக்காரியிடம் கொடுப்பது மாதிரி.

சாயங்காலம் ஏழு மணி. முன்வரிசையில் திருவனந்தபுரத்துக்காரர். முதல் பாட்டில் என் பேஸ் எனக்குக் கொஞ்சமாகக் கேட்டது. சுயம்புவைப் பார்த்துச் சைகை காட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். தலையாட்டி ஒரு குமிழைத் தொட்டான். ஒலி முன்னைவிடச் சின்னதாயிற்று. மறுபடி கேட்டேன். மறுபடி தலையாட்டினான், இன்னும் பணிவாக. ஒவ்வொரு தடவை நான் கேட்கக் கேட்க நான் சுருங்கிக்கொண்டே போனேன். நாலாவது பாட்டில் சுத்தமாக இல்லை. விரல் ஓடுகிறது, கம்பி துடிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. அடியில் ஓட்டை விழுந்ததை உணர்ந்த டென்னிசன், உத்தமன் அல்லவா, குழுவைக் காப்பாற்ற இடது கையால் கீபோர்டிலேயே பேஸை வாசிக்க ஆரம்பித்தான். முன்வரிசைக்காரரின் கால் தாளம் போட ஆரம்பித்தது அப்போதுதான்.

கச்சேரி முடிந்து அவர் டென்னிசனின் விலாசத்தை எழுதிக்கொண்டார். பேஸும் வாசிக்கிற கீபோர்டு என்றால் ஓர் ஆள் மிச்சம். என்னையும் ஏமாற்றத்தோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருப்பார். தோளில் தட்டி மலையாளத்தில், "மோன் நன்னாயி அபிநயிச்சு" என்றார். தம்பியின் நடிப்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

அன்று என் முதுகெலும்பில் ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. டென்னிசன் மஸ்கட் போனான். நான் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தாவாகி, ஓய்ந்த நேரத்தில் கட்டுரை எழுதி, உங்களைப் போன்ற நல்லவர்களைச் சிரிக்க வைக்க முயல்கிற நிலைக்கு வந்து சேர்ந்தேன். பெட்டி வீட்டின் பின்புறம் கிடந்து, ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து, உள்ளே கோழி அடைகாத்தது. ஆசாரி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், கடைசியில் அதில் உயிருள்ள ஒன்று படுத்ததற்கு.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று கல்யாணம், ஒரு வீடு பால் காய்ப்பு. எதிலும் சுயம்புவின் வயர் ஓர் அடி நுழைய விட்டதில்லை. அவன் ஸ்பீக்கர் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடையில் தீப்பிடித்தது என்று ஒரு செய்தியைப் பரப்பினேன். தீ நானே மூட்டியது, வாயால். எங்கள் மதிலில் அவன் விளம்பரம் எழுதிவிட்டுப் போனபோது அதன்மேல் ஒரு வருஷம் என் ஈரச் சாரத்தை, கைலியைத்தான், காயப்போட்டேன். ஒரு கதை எழுதி, வில்லனுக்கு அவன் மீசையைக் கொடுத்தேன். வந்த இரண்டு கடிதங்களிலும் அந்த வில்லன் ஒருவன்தான் மனிதனாக இருக்கிறான் என்று எழுதியிருந்தார்கள். வழியில் அவனைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். மனசுக்குள் அவன், இவன் என்று பேசினாலும் நேரில் மாட்டிக்கொண்டால் 'நீரு' என்று மரியாதை வந்துவிடும், அதற்குப் பயந்துதான்.

வரவேற்பில் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனே வந்து சாப்பிட உட்கார்ந்தான். கடப்பதற்கு அங்கே ரோடு இல்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்க குடும்பத்துல ஒரு விசேசத்துக்கும் என்னயக் கூப்பிட மாட்டேங்கிய. நான் தெரிஞ்சு என்ன தப்பு பண்ணேன்?"

இந்தக் கேள்விக்கான பதிலை நான் இருபத்தைந்து வருஷமாக அடித்துத் திருத்தி வைத்திருந்தேன். நல்ல நடை. சாபத்தில் முடியும். ஆனால் வாயில் சோறு இருந்ததால் சுருக்கமாகத்தான் வந்தது. "அன்னைக்கு மாதா கோயில் மேடையில என் பேஸை எதுக்கு ஓய் அமுக்குனீரு?"

சுயம்பு கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தான். "நீங்கல்லா சொன்னீங்க."

"நானா?"

"என்னயப் பாத்து, இப்பிடிக் கைய வச்சி." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு நெல் இடைவெளியில் நெருக்கிக் காட்டினான். "'பேஸ் கொறச்சு, பேஸ் கொறச்சு'ன்னு சொன்னீங்க. கொறச்சேன். 'இன்னும் கொறச்சு'ன்னீங்க. இன்னும் கொறச்சேன். சுத்தமா மூடுன பொறவும் நின்னு கைய ஆட்டுதீங்க. இதுக்கு மேல எதக் கொறைக்கன்னு எனக்கு வெளங்கல."

 எங்கள் விளவங்கோட்டுப் பக்கத்தில் 'கொறச்சு' என்றால் கொஞ்சம். மலையாளம் கொடுத்த சொல். 'கொறச்சு வெள்ளம் தா' என்றால் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். 'இன்னும் கொறச்சு' என்றால் இன்னும் கொஞ்சம். தாய்ப்பாலோடு குடித்த சொல், சந்தேகமே வராது. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் பிறந்த காதுக்கு அது வேறு என்னவாக இருக்க முடியும்? அவன் குறைத்தான். நான் கெஞ்சக் கெஞ்ச, ஒரு சொல் தட்டாமல் குறைத்தான்.

எங்கள் ஊரில் அதற்குக் கொஞ்சம் என்று அர்த்தம் என்பது எப்போதாவது தெரிந்ததா என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் எனக்குக் கல்யாணம், பொண்ணு ஒங்க பக்கம், கருங்கல்லு. வந்த புதுசுல எம்பொண்டாட்டி 'கொழம்புல கொறச்சு உப்பு போடுங்க'ன்னா. உப்பக் கொறச்சுப் போட்டேன். 'இன்னும் கொறச்சு'ன்னா. போட்டத அள்ள முடியுமா அண்ணாச்சி? சண்டையாயிட்டு. அந்தச் சண்டையிலதான் சொல்லு வெளங்குச்சு. அடுப்படியில நின்னுக்கிட்டே ஒங்கள நெனச்சேன். வந்து சொல்லிரணும்னு ரெண்டு தடவ ஒங்க ஊருக்கு வந்தேன். நீங்க ரோட்டக் கடந்துட்டீங்க."

நான் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவன் இல்லை. யாராவது ஒருவன் மேல் இறக்கித்தானே ஆகவேண்டும். ஆரல்வாய்மொழியில் எல்லை போட்ட பழைய மலையாள ராஜாவை நினைத்தேன். அவர் எனக்குப் பிடிபடுகிற தூரத்தில் இல்லை. அந்தச் சொல்லைக் கற்றுத்தந்த அம்மாவை நினைத்தேன், வெட்கமாக இருந்தது. டென்னிசன் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பித் தொலைக்கிறான். தெரிந்தும் ஒரு தபால் கார்டு போடாமல் இருந்தானே என்று சுயம்புவையே இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தேன். கோபம் பழைய ஜெனரேட்டர் மாதிரி இரண்டு இருமல் இருமி அணைந்துவிட்டது.

தீப்பிடித்த கதையைக் கட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுமே" என்றான். "ஊரே பேசுச்சு. வேற வழியில்லாம பழச எல்லாம் தள்ளிட்டுப் புதுசா எறக்குனேன். அதுல வளந்த தொழிலு அண்ணாச்சி இது."

ஒரு மனுஷனை அழிக்க முயன்று அவனை முன்னுக்குக் கொண்டுவந்த கையைக் கழுவப் போனேன். கழுவிவிட்டு வரும்போது அவன் டேப்லட்டை என் முன்னால் நீட்டினான். வரிசையாகக் கோடுகள், ஒரு கோட்டுக்கு அடியில் பேஸ் என்று எழுதியிருந்தது. "ஒங்க இஷ்டத்துக்கு ஏத்துங்க. யாரும் கொறைக்க மாட்டாங்க."

விரலை வைத்து மேலே தள்ளினேன். மண்டபத்தின் கண்ணாடிக் கதவு முனகியது. மேஜைகளில் தண்ணீர் வளையமிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இன்னும் தள்ளினேன். அத்தனையும் அந்தப் பெண்ணுடைய வாசிப்பு, என் பங்கு ஒரு விரல்தான். 

அவளுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். காதில் எது எவ்வளவு வேண்டும் என்று அவர்களே போனில் வைத்துக்கொள்கிறார்களாம். மேடையிலிருந்து இவனைப் பார்த்துக் கையை ஆட்டி எவரும் எதையும் கேட்டு நாலைந்து வருஷமாகிறது என்றான். நான் இன்னும் இரண்டு பாட்டு நின்று பார்த்தேன். அவள் ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.