சம்மட்டி மூட்டிய தீ

என் அக்காவின் கணவரை யார்டில் எல்லோரும் சம்மட்டி என்றுதான் சொல்வார்கள். பழைய கார்களை உடைத்து இரும்பாக்குவது எங்கள் தொழில். அவர் மேஸ்திரி, நான் அவருக்குக் கீழே. மனிதருக்கு மூக்குக்கு மேலே கோபம். கை முந்தும், வாய் பிந்தும். கார் கதவு சிக்கிக்கொண்டால்கூட அதன் பரம்பரையையே திட்டிக்கொண்டுதான் அடிப்பார்.

யார்டில் எப்போதும் பெட்ரோல் வாடை. அதனால் வாசலில் ஒரு தகர டப்பா உண்டு. தீப்பெட்டி, லைட்டர் எதுவானாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இரண்டு வருடம் முன்பு, உடைக்க வந்த காருக்குள் ஒரு லைட்டர் கிடந்தது. டப்பாவில் போடத்தான் எடுத்துப் போனேன். வழியில் சம்மட்டி பிடித்துவிட்டார். என்ன ஏதென்று கேட்கவில்லை. விட்ட அறையில் என் இடது காது போனது போனதுதான். லைட்டரைப் பிடுங்கிக்கொண்டு போனவர் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. அவரை வெறுத்தேன்; இதில் மறைக்க என்ன இருக்கிறது?

எங்களைச் சேர்த்து வைக்கிறேன் என்று அக்காதான் இருவரையும் காட்டுக்கு இழுத்துப் போனாள். காரை விட்டு மூன்று மணி நேர நடை. ஓடைக்கரையில் கூடாரத்தை இறக்கியபோது மழை விட்டிருந்தது, குளிர் விடவில்லை.

"தீப்பெட்டி எங்க?" என்றாள் அக்கா.

சம்மட்டி சட்டைப்பையைத் தடவினார். முகம் தொங்கிப்போனது. "கார்லயே எடுத்து வச்சுட்டேன் போல." வேலைக்கு இறங்கும் பழக்கத்தில் கை தானாகச் செய்த காரியம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு விட்டிருக்கலாம். "நல்லவேளை மாமா. கொண்டு வந்திருந்தா உங்களை நீங்களே அறைஞ்சிருப்பீங்க."

சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். நான் தலையால் முட்டினேன். அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. என் விலாவில் குத்து விழுந்தது. நான் அவர் தோளைக் கடித்தேன். விலக்க வந்த அக்கா மீது யார் முழங்கை பட்டதோ தெரியாது. தோளில் மாட்டிய மாற்றுத்துணிப் பையோடு ஓடையில் போய் விழுந்தாள்.

இழுத்துப் போட்டபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மாற்றுத்துணி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எங்கள் சட்டைகளைக் கழற்றிப் போர்த்தினோம். கொஞ்ச நேரத்தில் அவள் நடுக்கம் நின்றது, உடம்பு மட்டும் பனிக்கட்டியாகவே இருந்தது. "எனக்குக் குளிரல" என்று குழறினாள். அதைக் கேட்டுத்தான் நிஜமாகவே பயந்தேன்.

சம்மட்டி கோடரியை விழுந்த மரத்தில் ஒரே போடாக இறக்கினார். கோடரியின் தட்டையான முதுகு பட்டறைக்கல் போல மேலே நின்றது. கூடாரம் அடிக்கும் சுத்தியலை எடுத்தார். கூடாரக் கயிறு கட்டும் மெல்லிய இரும்பு முளை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நுனியை இதுமேல வச்சு உருட்டிக்கிட்டே இரு. அடிக்க அடிக்கச் சூடேறும். நடுவுல விட்டா ஆறிப்போயிரும். விட்டுறாத மாப்ள."

என் காதைக் கெடுத்த கை. அதன் கீழே என் விரல்களை வைத்தேன்.

அடித்தார். கண் இமைக்க நேரம் விடாமல் அடித்தார். முளையின் நுனி தகடாகி நீண்டது. ஒரு அடி வழுக்கி என் கட்டைவிரலில் விழுந்தது; நகம் பிளந்தது. அலறினேன், ஆனால் விடவில்லை. அவரும் நிறுத்தவில்லை. மூக்கு ரத்தமும் கண்ணீருமாக அடித்துக்கொண்டே இருந்தார். நுனி சிவந்தது.

படுக்கக் கொண்டு வந்திருந்த தலையணையைக் கிழித்து, நடுவில் காய்ந்திருந்த பஞ்சில் அதைக் குத்தினேன். புகைந்தது. இருவரும் மாறி மாறி ஊதினோம். பட்டுப்போன மரத்துக்குள்ளிருந்து அவர் பிளந்தெடுத்த சிராய்கள் பற்றிக்கொண்டன.

வெகுநேரம் கழித்து அக்காவுக்கு மறுபடியும் நடுக்கம் வந்தது. பிறகு பேச்சும் தெளிந்தது. "மிருகங்களா" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

சம்மட்டி எழுந்து வந்து, நன்றாகக் கேட்கும் என் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்த லைட்டர்ல கேஸும் இல்ல, கல்லும் இல்ல மாப்ள. அடிச்சப்புறம்தான் பார்த்தேன். சொல்ல வாய் வரல."

எனக்கு உருப்படியாக இருந்தது ஒரு கைதான். அதை ஓங்கி அவர் கன்னத்தில் ஒன்று விட்டேன். அவர் தடுக்கவில்லை. அக்காவும் தடுக்கவில்லை, நெருப்பில் இன்னொரு கட்டையை எடுத்து வைத்தாள்.