நான் விசாரித்த ஒரே வீடு

பெருங்களத்தூரில் ஒரு பெண்கள் உதவி மையத்தில் வேலை செய்கிறேன். கணவன் அடிப்பதாகப் போனில் அழுத செல்வியைப் பார்க்க அஸ்தினாபுரம் போனேன். கழுத்தில் அடையாள அட்டையோடு தெருமுனைக் கடையில், "செல்வி வீடு எதுங்க?" என்று கேட்டேன். விலாசம் கேட்டதாகத்தான் நினைத்தேன், அவளைக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

கடைக்காரர் உடனே அவள் கணவனுக்குப் போன் செய்திருக்கிறார். நானும் செல்வியும் அவள் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் வந்துவிட்டான். "வூட்டு விஷயத்த ஊருக்கே சொல்லிக்கினு கீறியா?" என்றபடி குக்கரைத் தூக்கி அவளை அடித்தான். தடுக்கக் கையை நீட்டினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குறுக்கே போன என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து அவனை இழுத்திராவிட்டால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் நெற்றிக்கு நான்கு தையல், அவள் கைக்கு மாவுக்கட்டு. செல்வி என்னைத் திட்டவில்லை. "நாலு வூட்டுக் கதவத் தட்டிட்டு வந்திருந்தா, அந்தாளுக்கு டவுட்டே வந்திருக்காதுக்கா" என்றாள்.

இப்போது அடையாள அட்டை பைக்குள் இருக்கிறது. யாரிடமும் வழி கேட்பதில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று விசாரித்தபடி, ஒருத்தியைப் பார்க்கத் தெரு முழுக்கக் கதவைத் தட்டுகிறேன்.