ரத்தம் வந்தவன் முதலில் பேசினான்

எங்க அக்கா விறகுக் கட்டையால புருஷன் மண்டைய ஒடச்சா. நான் கண்ணால பார்த்தேன். ஹட்டன்ல டியூசன் முடிஞ்சு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து, பைய எறக்கி வைக்கப் போன நேரம். அந்தாள் நெத்தியில இருந்து ரத்தம் கொட்டி, அந்த ஒத்த அறைக் காம்பராத் தரை செவந்து போச்சு. அக்கா ரெண்டாவது தடவையும் ஓங்கிட்டா. நான்தான் கையப் புடிச்சேன்.

எங்க தோட்டத்துல சண்டைன்னா போலீசுக்கு முந்தி தோட்டத் தலைவர்கிட்டதான் போவாங்க. ஞாயித்துக்கெழமை கோயில் வாசல்ல விசாரணை. யாருக்கு ரத்தம் வந்துச்சோ அவங்கதான் மொதல்ல பேசணும்கிறது வழக்கம். அந்தாள் தலையில கட்டோட வந்து நின்னு, இடுப்புல கட்டியிருந்த சாரத்து நுனியால கண்ணத் தொடச்சுத் தொடச்சுப் பேசினான். புள்ளைங்களுக்காகத்தான் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு இருக்கேன்னான். பொம்பளைங்ககூட உச்சுக் கொட்டினாங்க. பாவி, எனக்கே ஒரு நிமிஷம் பாவமாத்தான் இருந்துச்சு.

அடுத்தது சாட்சி, நான். பார்த்ததை மட்டும் சொல்லுன்னார் தலைவர். சொன்னேன். கட்டை, மண்டை, ரத்தம், அவ்வளவுதான். முந்தின வாரம் கொதிக்கிற தேயிலைத் தண்ணிய அவன் அக்கா முதுகுல ஊத்தினதைச் சொல்லல. வெந்து கொப்பளிச்ச அந்த முதுகுக்கு மருந்து போட்டவளே நான்தான். அத்தனை ஆம்பளைங்க முன்னால அக்கா முதுகப் பத்திப் பேச வெக்கமா இருந்துச்சு, விழுங்கிட்டேன். அக்காவும் முந்தானைய இழுத்துப் போர்த்திக்கிட்டு வாயே தெறக்கல. மன்னிப்புக் கேட்டுட்டு புருஷனோட போன்னு தீர்ப்பு. மூணாம் நாள், அதே கட்டையால அவ முகத்துல அடிச்சான். இடது கண்ணு போயிருச்சு.

இப்ப நான் டீச்சர். அக்கா என்கூடத்தான் ஹட்டன்ல இருக்கா. இதையே நாவலா எழுதினேன். மொதல் அத்தியாயத்தை அவன் சொல்றான், ஒழுகுற ரத்தத்தோட. ரெண்டாவதுல கதை ஒரு வாரம் பின்னால போயி, அக்கா சொல்றா. படிக்கிறவங்க மொதல்ல அவனுக்காக அழணும், பொறகு அழுததுக்குத் தன்னையே செருப்பால அடிச்சுக்கணும். அதான் என் திட்டம். கூட வேலை செய்யிற டீச்சர் ஒருத்தங்க முதல் அத்தியாயத்தைப் படிச்சு நெசமாவே அழுதாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

ஆனா அக்கா சரின்னாத்தான் புத்தகம். ஒத்தக் கண்ணால படிச்சா தலைவலிக்கும்னு நானே வாசிச்சுக் காட்டினேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா. அவன் பேசி முடிச்சான். இனி நீ பேசுற பகுதின்னு சொல்லி பக்கத்தப் புரட்டினேன்.

அக்கா கத்தியக் கீழ வச்சா.

"அன்னைக்குக் கோயில்லயும் நீ அவன் ரத்தத்துல இருந்துதான் ஆரம்பிச்ச. என் முறை வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிருச்சு."

நாவல் இப்ப அவ முதுகுல இருந்து தொடங்குது. மாத்தி எழுதிட்டேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். வாசிச்சுக் காட்டுன்னு அவ இன்னும் கேக்கல.