வருசத்துக்கு ஒரு ட்ராஃப்ட்

எனக்கு ஐஸ் ஹொக்கி பிடிக்காது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். தடியைப் பிடித்துக்கொண்டு சறுக்கிப் போய் ஆளை ஆள் மதிலோடு சேர்த்து இடிக்கிறது ஒரு விளையாட்டா? ஆனால் அதன் ட்ராஃப்டைப் பற்றிக் கேளுங்கள், கரைத்துக் குடித்து வைத்திருக்கிறேன்.

காரணம் ரொறன்ரோவில் இருக்கிற என் தம்பி. மற்ற நாட்களில் எங்கள் கதை "சுகமோ?", "ஓம், சுகம்", "அங்கை குளிரோ?", "ஓம், குளிர்" என்பதோடு சரி. ஆனி மாதக் கடைசியில் ட்ராஃப்ட் நடக்கிற அன்று மட்டும் போனை எடுத்தால் வைக்கமாட்டான். அவனுக்கு வெள்ளி பின்னேரம், ஒக்லண்டில் எனக்குச் சனி காலமை. என் மனுசன் போய்ச் சேர்ந்தபிறகு இங்கே ஹில்ஸ்பரோ வீட்டில் நானும் ஹீட்டரும்தான். இதே நகரத்தில் ஹென்டர்சன் பக்கம் இருக்கிற மகள் இங்கிலீசில் சுகம் கேட்பாள். தமிழில் ஆறுதலாக இருந்து என்னோடு கதைக்க அவன் ஒருத்தன்தான், அதுவும் வருசத்தில் அந்த ஒரு நாள்தான். அந்த நாளும் கைவிட்டுப் போனால் எனக்கு ஒருவருமில்லை. அந்தப் பயத்தில்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

ட்ராஃப்ட் என்றால் வேறொன்றுமில்லை. இளம் பெடியன்களைப் பெரிய டீம்கள் முறைவைத்து எடுப்பது. கடைசியாய் வந்த டீமுக்குத்தான் முதல் முறை. ஆதியில் ஒரு ஹோட்டல் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு முதலாளிமார் எடுத்திருக்கிறார்கள். எடுபட்ட பெடியனுக்கே பிறகுதான் தெரியவருமாம். அதன்பிறகு பெரிய அரங்கு, டிவி, கோட்டுப் போட்ட பெடியன், பக்கத்தில் கண்ணைத் துடைக்கிற தாய். முதல் முறை கிடைக்கட்டும் என்று சில டீம்கள் வேண்டுமென்றே தோற்கின்றன என்று கதை வர, குலுக்கல் சீட்டைக் கொண்டுவந்தார்கள். கள்ளன் பெரிசோ காப்பான் பெரிசோ! ஒருமுறை ஒரு டீமின் பொறுப்பாளர், டெலிபோனில் இழுபடுகிற தெரிவில் அலுத்துப்போய், உலகத்திலேயே இல்லாத ஒரு ஜப்பான்காரப் பெடியனை எடுத்தாராம். அதைத் தம்பி சொன்ன அன்று நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு கனநாள் வீடு வெறிச்சென்று கிடந்தது.

இந்த முறை போன் வந்தபோது நல்ல மழை. எடுத்தால் தம்பியின் பெண்சாதி.

"என்னை எடுக்கச் சொல்லிப்போட்டு அவர் குளிக்கிறார் மச்சாள். இந்தா வந்திடுவார்."

"பரவாயில்லை. அங்கை தொடங்கியிட்டுதோ? டிவியைப் போட்டுப் பாருங்கோ."

"ஐயோ மச்சாள், இஞ்சை ஆர் ஹொக்கி பாக்கிறது? அவருக்கு அந்தப் பேரே அலுப்பு. உங்களுக்கு விருப்பமெண்டுதானே, ஒரு கிழமையா வேலையாலை வந்து சோதினைக்குப் படிக்கிற மாதிரிப் படிக்கிறார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருசம் இரண்டு கிழடுகள், ஒருவருக்கும் பிடிக்காத ஒன்றை உலகத்தின் இரண்டு தொங்கலில் இருந்து பாடமாக்கியிருக்கிறோம். போனை வைத்துவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவன் வந்துவிட்டான்.

"அக்கா, இந்தமுறை குலுக்கலிலை ஆருக்கு விழுந்ததெண்டு தெரியுமோ..."

"டேய், நிப்பாட்டு. உனக்கு விசரோ? பிடிக்காத சாமானை ஏன்டா இவ்வளவு காலமும் என்னோடை கதைச்சனி?"

பெண்சாதி ஏதோ கேட்பதும், அவன் கதவைச் சாத்துவதும் கேட்டது.

"வேறை என்னத்தைக் கதைக்கிறது அக்கா? அம்மா செத்தண்டு போனிலை நீங்கள் அழுத அழுகை. சண்டையாலை ஊருக்குப் போற பாதையும் பூட்டு. ரெண்டு பேராலையும் போகேலாமல் போச்சு. வீட்டுக் கதை எதை எடுத்தாலும் அங்கைதான் வந்து முடியும். திரும்ப அதைக் கேக்க எனக்குத் தெம்பில்லை. அதுதான் உங்களை அழப்பண்ணாத ஒண்டைத் தேடினனான்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு நான் அழுதுகொண்டிருக்கும்போதே அவன் போனை வைத்துவிட்டான். மிச்சத்தை நான் தனியத்தான் அழுதேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"அழுதா அழட்டும் எண்டு விட்டிருக்கலாமேடா," என்றேன். "நீ லைனிலை நிண்டிருந்தா எனக்கு அது போதும்."

அவன் மூக்கை உறிஞ்சினான். தம்பி அழுது நான் கேட்டது சின்னப்பிள்ளையாய் இருந்தபோதுதான்.

"அப்ப இப்ப அழுங்கோ அக்கா. நான் வைக்கமாட்டன்."

இந்த வருசம் முதலாவதாக ஆரை எடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.