வெளியே கொழுவும், உள்ளே கொழுவாது

என்னைப்போல் கணினி திருத்திப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும்: திருத்துவதைவிட, எது எதற்குள் போகாது என்று வாதாடுவதுதான் எங்கள் முழுநேர வேலை. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில் மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்டக் கடை போட்டேன். உதவி என்ற பெயரில் லொறியில் வந்திறங்கிய பழைய கணினிகளெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்தன.

அராவிய கார்ட்

உதவி நிறுவனமொன்றின் அதிகாரி, திரையில் படம் வரவில்லை என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். மதர்போர்டில் படக் கார்டைச் செருக இருந்தது ஏஜிபி என்ற பழைய பொருத்து. அவர் வாங்கியதோ புது வகையான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட். போகவில்லை என்றதும், புத்தம்புதுக் கார்டின் விளிம்பை அரத்தால் அராவி இறுக்கியிருக்கிறார்!

"யூஎஸ்பி எண்டால் பழசும் புதுசும் ஒண்டையொண்டு ஏற்கும் ஐயா. உள்ளுக்கு அப்பிடியில்லை. பொருத்து மாறினால் கார்டும் மாறவேணும்" என்றேன். அவர் என்னைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

ஓடுகிற பெட்டிக்குள் கை

பக்கத்துக் கீரி ஊரில் ஒருவர் இன்ரநெற் கபே நடத்தினார். சுவிஸில் இருக்கும் மகனோடு கதைக்க அங்கே ஒரு அம்மா போயிருக்கிறார். இடம்பெயர்வில் பிரிந்த பிறகு அன்றைக்குத்தான் மகனின் முகத்தைக் காண்கிறார். முகம் தெரிகிறது, குரல் வரவில்லை. கபேக்காரர் பெட்டியைத் திறந்து, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சவுண்ட் கார்டைப் பிடுங்கிவிட்டார். மதர்போர்ட் கருகிவிட்டது. அந்த அம்மா இருண்ட திரைக்கு முன்னால் கனநேரம் இருந்துவிட்டுப் போனாராம்.

வெளியே கொழுவுகிற யூஎஸ்பி, ஓடும்போதே கழற்றலாம் என்று யோசித்துச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கிற கார்டுகளைக் கரண்டை நிறுத்தாமல் தொடவே கூடாது. கருகிய பெட்டியோடு வந்த கபேக்காரரிடம் இதைக் கத்தித்தான் சொன்னேன். அவருக்கோ கோபம் என்மேல். "பென் டிரைவை எத்தினை தரம் இழுத்திருப்பன், ஒருநாளும் எரியேல்லையே!"

மடியில் பிரிண்டர்

இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து சொந்த ஊரான கொண்டச்சிப் பக்கம் திரும்பியிருந்த ஆசிரியை ஒருவர், மடியில் பிரிண்டரும் காலடியில் கணினியுமாக பஸ்ஸில் வந்திறங்கினார். இரண்டும் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாக வந்தவை. பிரிண்டரின் வயருக்கோ ஊசிகள் நிறைந்த அகலமான பழைய தலை. கணினியின் பின்பக்கத்தில் யூஎஸ்பி மட்டுந்தான். தந்தவர்களிடம் சொன்னதற்கு, கிடைத்ததே பெரிது என்றார்களாம். பிள்ளைகள் சோதனைக் கேள்விகளைக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல காலம், மதர்போர்டில் ஒரு பிசிஐ பொருத்து சும்மா கிடந்தது. பழைய வயரை ஏற்கிற கார்ட் ஒன்றை அதில் பூட்டினேன். கேள்வித்தாள் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். முகம் சிவந்துபோய் நின்றார்.

"தந்தவங்க வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க மகள். அவங்கட கமரா வயர் மட்டும் எல்லாத்திலயும் கொழுவுச்சு."

வாங்கமுந்தி, கொடுக்கமுந்தி, பெட்டியை ஒருதரம் திறந்து பாருங்கோ என்று இத்தனை வருசமாகக் கத்தியதில் எனக்கு மிஞ்சியது தொண்டைக்கட்டு மட்டும்தான்.